ஊசி போட்ட கைக்கு என்ன தண்டனை?

மைதானத்திலிருந்து: வாசகர் கேள்வி-பதில்
(பதில் சொல்பவர், சென்னைக் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வுபெற்றவர்)

கல்லூரி விளையாட்டில் தப்பு செய்கிறவர்களுக்குச் சட்டத்தை இன்னும் இறுக்க வேண்டுமா என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். "ஜெயிலில் போடு" என்பதில் ஆரம்பித்து "தூக்கில் போடு" வரைக்கும் கடிதங்கள் வந்திருக்கின்றன. தூக்கை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகன் காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கிறான். ஹர்டில்ஸ் ஓடுகிறான். பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் தனியாக ஒரு கோச்சிடம் பயிற்சி. தடகளப் போட்டிக்கு முன்னால் "வைட்டமின் பி12" என்று சொல்லி ஊசி போடுகிறாராம். நான் கேட்டதற்கு, "எல்லாப் பசங்களுக்கும் போடுறதுதாம்மா" என்றார். இந்த மாதிரி ஆட்களை உள்ளே தள்ளச் சட்டம் இல்லையா மேடம்?
– பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்: அம்மா, சட்டத்துக்கு அப்புறம் வருகிறேன். இன்று சாயங்காலம் பையன் வீட்டுக்கு வந்ததும் ஒன்றே ஒன்று கேளுங்கள். அந்த மருந்துக் குப்பியை அவன் கையில் வாங்கிப் பார்த்தானா? அதில் இருந்த பெயரைப் படித்தானா? "சார் ஏற்கெனவே சிரிஞ்சில் ஏற்றி வைத்திருந்தார்" என்று சொன்னால், இனி அந்த ஊசி அவன் உடம்பில் ஏறக்கூடாது. பி12 தடை செய்யப்பட்ட மருந்து இல்லை. அதனால்தான் எதைப் போட்டாலும் அந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள்.

டோப் டெஸ்ட், அதாவது ஊக்கமருந்துச் சோதனை, எப்படி நடக்கிறது என்று பெற்றோருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. பந்தயம் முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து கையெழுத்து வாங்குவார். அந்த நிமிஷத்திலிருந்து அவன் அவர் கண்ணை விட்டு மறையக்கூடாது. சீல் வைத்த பெட்டிகளில் ஒன்றை அவனே எடுக்க வேண்டும். சட்டையை மார்பு வரைக்கும் தூக்கி, ட்ராக் பேன்டை முழங்கால் வரைக்கும் இறக்கி, ஒருவர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்க, 90 மில்லி சிறுநீர் தர வேண்டும். வரவில்லை என்றால் வரும்வரை அங்கேயே உட்கார வேண்டியதுதான். அதை ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் அவனே ஊற்றி மூட வேண்டும். கடைசியில் ஒரு படிவம். அதில் ஒரு கட்டம்: கடந்த ஏழு நாளில் என்னென்ன மருந்து எடுத்தாய்? உங்கள் மகன் அங்கே என்ன எழுதுவான்? "பி12" என்று எழுதுவான். பாட்டிலில் ஸ்டானோசோலால் என்ற ஸ்டீராய்டு வந்தால் அந்த எழுத்து அவனைக் காப்பாற்றாது. உடம்பில் என்ன இருந்தாலும் பொறுப்பு ஓடியவனுடையது, யார் போட்டார்கள் என்பதெல்லாம் இரண்டாவது விஷயம் என்பதுதான் உலகம் முழுக்க விதி. ஸ்டீராய்டுக்கு நான்கு வருடத் தடை. வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று அவனே நிரூபித்தால் இரண்டாகக் குறையலாம். இருபது வயதுப் பையனுக்கு நான்கு வருடம் என்றால் காலேஜ் விளையாட்டு அத்தோடு சரி.

அதே படிவத்தில் கோச் பெயர் எழுதவும் ஒரு இடம் உண்டு. அங்கே சில பசங்கள் "தானே பயிற்சி" என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். யார் சொல்லிக்கொடுத்து எழுதுகிறார்கள் என்பதை உங்கள் யூகத்துக்கு விடுகிறேன்.

இப்போது சட்டம். 2022-ல் நாடாளுமன்றம் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. உள்ளே நுழைந்து சோதனை போடவும், பறிமுதல் செய்யவும் நாடா எனும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமைக்கு அதில் அதிகாரம் கொடுத்தார்கள். ஜெயில் வைக்கவில்லை. அடுத்த வருடம் செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கும். கழிப்பறையில் சிரிஞ்சுகள் கிடக்கிற வீடியோ வெளியானது. நாடா ஆட்கள் மைதானத்துக்கு வந்தார்கள். 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஒரே ஒரு ஆள் ஓடினார். மற்றவர்கள் காணவில்லை. அவர்கள் பயந்தது சட்டப் புத்தகத்துக்கு இல்லை, கண்ணெதிரே வந்து நின்ற நாலு ஆட்களுக்கு. 2024-ல் இந்தியாவில் 7,113 மாதிரிகள் எடுத்ததில் 260 தேறவில்லை. அதிகம் சோதிக்கும் பெரிய நாடுகளில் நம் விகிதம்தான் மோசம். அந்த எண்ணிக்கை எல்லாம் ஓடியவர்கள், பளு தூக்கியவர்கள், மல்யுத்தம் செய்தவர்கள் கணக்கு. சிரிஞ்சைப் பிடித்த கைகள் அதில் எத்தனை?

ஜெயில் வைத்த நாடுகளும் இருக்கின்றன. கென்யா 2016-லேயே வைத்துவிட்டது. அப்படியும், சிகாகோவில் பெண்கள் மாரத்தான் உலக சாதனை வைத்த ரூத் செப்ன்கெடிச் 2025-ல் மூன்று வருடத் தடை வாங்கினார். ஜெர்மனியில் 2015-ல் வந்த சட்டம் எனக்குக் கொஞ்சம் பிடிக்கும். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவருக்கு ஊக்கமருந்து கொடுத்தவருக்குப் பத்து வருடம் வரை சிறை. அடி விழ வேண்டிய இடம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் ஊரில் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. டாக்டரும் இல்லாமல், டாக்டர் சீட்டும் இல்லாமல் யாரோ ஒருவர் ஊசி போடுவதும், மருந்துக்கடைக்காரர் அதைச் சீட்டில்லாமல் விற்பதும் ஏற்கெனவே குற்றம். ஊக்கமருந்து விதியிலும், மருந்து கொடுத்த கோச்சுக்குக் குறைந்தது நான்கு வருடம், அதிகபட்சம் ஆயுள் முழுக்கத் தடை உண்டு. சிக்கிய பையன் கொடுத்தவர் யார் என்று ஆதாரத்தோடு சொன்னால், அவனுடைய தடையில் முக்கால் பங்கு வரை நிறுத்திவைக்கவும் இடம் இருக்கிறது. ஆனால் பசங்கள் வாயைத் திறப்பதில்லை. ரயில்வே வேலைக்கோ போலீஸ் வேலைக்கோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர் அந்த கோச்தான். அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டு மறுநாள் எந்த ட்ராக்கில் போய் நிற்பான்?

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இது. கோச்சிடம் சண்டை வேண்டாம். "எங்க ஃபேமிலி டாக்டர் ஊசி கூடாதுன்னுட்டார் சார்" என்று மகனையே சொல்லச் சொல்லுங்கள். பொய்தான், பரவாயில்லை. நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' ஆப்பைப் போனில் போட்டு வையுங்கள். இருமல் மருந்து வரைக்கும் அதில் பார்த்துவிட்டுக் குடிக்கட்டும். குப்பி கையில் கிடைத்தால் போட்டோ எடுத்து வையுங்கள். அப்புறம், வேறு கோச்சைத் தேட ஆரம்பியுங்கள்.

கேள்வி: என் பேரன் அமெரிக்காவில் டல்லாஸில் படிக்கிறான். அங்கே தப்பு செய்த கல்லூரியின் டீமையே ஒழித்துக்கட்டும் "மரண தண்டனை" இருக்கிறதாம். அந்தக் கண்டிப்பு இங்கே ஏன் வரமாட்டேன் என்கிறது?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மந்தைவெளி

பதில்: ஐயா, பேரன் இருக்கும் ஊரில்தான் அது நடந்தது. சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம். அதன் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரர்களுக்குப் பணக்கார ஆதரவாளர்கள் மாதாமாதம் ரகசியமாகப் பணம் கொடுத்துவந்தார்கள். பிடிபட்டு, தண்டனை வாங்கி, அதற்கு அப்புறமும் கொடுத்தார்கள். கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. 1987 சீசனை மொத்தமாக ரத்து செய்தது. 1988-ல் ஆட ஆளில்லாமல் பல்கலைக்கழகமே ஒதுங்கிக்கொண்டது. திரும்பி எழுந்து, சீசன் முடிவில் நடக்கும் பவுல் ஆட்டம் ஒன்றுக்குள் நுழைய 2009 ஆயிற்று.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தண்டனை யார் மேல் விழுந்தது என்று பாருங்கள். பணம் கொடுப்பதைத் தொடரலாம் என்று முடிவெடுத்தவர்களில் ஒருவர், அந்தப் பல்கலைக்கழக நிர்வாகக் குழுத் தலைவராக இருந்த பில் கிளெமென்ட்ஸ். அதை அவரே 1987-ல் ஒப்புக்கொண்டார். அப்போது அவர் டெக்சாஸ் மாநில கவர்னர். நம் ஊர் கவர்னர் மாதிரி இல்லை, அங்கே கவர்னர் என்றால் முதலமைச்சர் மாதிரி. 1991 வரை பதவிக்காலத்தை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். அந்தக் காசைக் கண்ணால்கூடப் பார்க்காத பசங்களோ பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு கல்லூரி தேடிப் போனார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் ஆட்டக்காரர் ரெஜி புஷ் 2005 வரை ஆடியபோது ஏஜென்டுகளிடமிருந்து பணமும் வசதியும் வாங்கினார் என்று 2010 ஜூனில் என்.சி.ஏ.ஏ. தீர்ப்பு. இரண்டு வருடம் பவுல் ஆட்டம் கிடையாது, 30 ஸ்காலர்ஷிப் வெட்டு. அந்த வருடம் அங்கே சேர்ந்த பசங்கள் ரெஜி புஷ் ஆடியபோது பள்ளிக்கூடத்தில் ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தவர்கள். அந்த டீமின் கோச் பீட் கேரல்? ஜனவரியிலேயே சியாட்டிலில் தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். சில வருடம் கழித்து, தொழில்முறை ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலே ஜெயித்தார். சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பையை ரெஜி புஷ் திருப்பிக்கொடுத்திருந்தார், அதை 2024-ல் அவரிடமே கொடுத்துவிட்டார்கள். ஏனென்றால் அதற்குள், கல்லூரி ஆட்டக்காரர் தன் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியிருந்தது. 2025-லிருந்து பல்கலைக்கழகமே வருடத்துக்குச் சுமார் இரண்டு கோடி டாலர் வரை ஆட்டக்காரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். நாற்பது வருடத்துக்கு முன் டீமையே மூடக் காரணமான வேலை, இன்றைக்குக் கணக்கு எழுதிச் செய்கிற வேலை.

அவர்களிடமிருந்து ஒன்றைக் கடன் வாங்கலாம் என்றால் வேறொரு விதியைச் சொல்வேன். அங்கே தப்பு செய்த கோச் ஊர் மாறினாலும் தண்டனை கூடவே போகும். அவரை வேலைக்கு எடுக்கிற கல்லூரி, "எங்கள் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது" என்று கமிட்டி முன்னால் வந்து விளக்க வேண்டும். அந்தத் தொல்லைக்குப் பயந்தே பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. நம் ஊரில் ஒரு கல்லூரியில் வெளியே அனுப்பப்பட்டவர் அடுத்த ஜூனில் ஓ.எம்.ஆர். பக்கம் இன்னொரு கல்லூரியில் விசிலோடு நிற்பார். சால்வை வேறு போட்டு வரவேற்பார்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி வாலிபால் டீமில் மூன்று பேரை வகுப்பில் நான் பார்த்ததே இல்லை. போட்டிக்கு மட்டும் வருகிறார்கள். நான்கு வருடமாக முயற்சி செய்யும் நான் பெஞ்சில். யாரிடம் புகார் செய்வது?
– மாணவர், அமைந்தகரை

பதில்: தம்பி, உன் ஆத்திரம் நியாயம். பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆடுபவர் முழுநேர மாணவராக இருக்க வேண்டும், வயது வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று விதி இருக்கத்தான் செய்கிறது. அதை மீறுகிற கூத்தும் ஊரறிந்தது. யாரும் சேராத எம்.ஏ. பாடத்தில் சீட் போட்டு, ஆளைச் சேர்த்து, வருகைப் பதிவேட்டில் வருடம் முழுக்க ஓ.டி. (கல்லூரி வேலையாக வெளியே போயிருக்கிறார்) என்று போட்டுவிடுவார்கள். ஒரு முறை ஏ.எல். முதலியார் தடகளப் போட்டியில் தகுதிப் படிவங்களைச் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். போட்டோவில் பாதி, காகிதத்தில் பாதியாக முதல்வர் சீல் விழுந்திருக்க வேண்டும். ஒரு படிவத்தில் சீல் காகிதத்தில் மட்டும்தான் இருந்தது, போட்டோ அதன் மேல் பிறகு ஒட்டியது. ஃபெவிகால்கூடக் காயவில்லை. "உங்க கிளாஸ் எந்த மாடிப்பா?" என்று கேட்டேன். பையன் திரும்பி மேனேஜரைப் பார்த்து, "நம்ம எந்த காலேஜ் சார்?" என்றான்.

அமெரிக்காக்காரர்கள் மட்டும் யோக்கியம் என்று நினைத்துவிடாதே. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் வகுப்பே நடக்காத பாடங்கள் 18 வருடம் ஓடின. 3,100-க்கும் அதிகமான மாணவர்கள் மார்க் வாங்கிக்கொண்டு போனார்கள், அதில் கிட்டத்தட்ட பாதி விளையாட்டுக்காரர்கள். 2017-ல் என்.சி.ஏ.ஏ. சொன்ன தீர்ப்பு: அந்தப் பாடங்களை மற்ற மாணவர்களும் எடுத்திருக்கிறார்கள், அதனால் எங்கள் விதிப்படி தண்டிக்க முடியாது! இத்தனை பக்க விதிப்புத்தகம் வைத்திருந்தும் அதுதான் கதி.

நீ தனியாகப் புகார் எழுதினால் டீமிலிருந்து போய்விடுவாய், ஆசைவார்த்தை சொல்ல விரும்பவில்லை. எதிரணிக்குத்தான் இதில் பலம். போட்டி ஆரம்பிப்பதற்கு முன்னால், இந்த ஆட்டக்காரர் தகுதி பற்றி ஆட்சேபம் என்று கட்டணம் கட்டி எழுத்தில் கொடுக்க எதிரணி மேனேஜருக்கு வழி உண்டு. ஏன் யாரும் கொடுப்பதில்லை என்கிறாயா? அவர் டீமிலும் இரண்டு பேர் அப்படி இருப்பார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்ட முதல்வருக்கு ஒரே ஒரு தடவை லட்ச ரூபாய் அபராதம் விழட்டும், அதுவும் கல்லூரிக் காசில் இல்லாமல் சொந்தச் சம்பளத்தில். மறுநாளிலிருந்து ஒவ்வொரு பையனையும் நேரில் கூப்பிட்டு முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பார்.

கேள்வி: ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலிச் சான்றிதழ் கொடுப்பவர்களுக்குத் தனிச் சட்டம் வேண்டாமா?
– குரோம்பேட்டை வாசகர்

பதில்: வேண்டாம். இன்ஜினியரிங் கலந்தாய்வில் மட்டும் 500 இடம் விளையாட்டுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள், அதனால் போலிக்கு கிராக்கி இருக்கும்தான். ஏமாற்றுவதற்காக ஆவணத்தைப் போலியாகத் தயாரித்தால் இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலேயே ஏழு வருடம் வரை சிறை உண்டு. இருக்கிற பிரிவில் வழக்குப் போடட்டும்.

கேள்வி: நான் முதலாம் ஆண்டு மாணவி, தடகளம். மசாஜ், ஸ்ட்ரெச்சிங் என்று சொல்லி கோச் தொடுகிற விதம் சரியாக இல்லை. சீனியர் அக்காக்கள் "கண்டுக்காதே" என்கிறார்கள். அவர் கல்லூரி ஊழியர்கூட இல்லை, பகுதிநேரம்தான். நான் என்ன செய்யட்டும் மேடம்?
– பெயரும் ஊரும் வேண்டாம்

பதில்: கண்ணு, கண்டுக்கொள். உனக்குச் சரியில்லை என்று பட்டதே போதும், வேறு யாரும் சான்று தர வேண்டியதில்லை. ஸ்ட்ரெச்சிங் சொல்லிக்கொடுக்கக் கை வைக்க வேண்டிய சந்தர்ப்பம் உண்டு. அது பத்துப் பேர் பார்க்கிற ட்ராக்கில், "இங்கே பிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடக்கும். கதவு சாத்திய அறையில் நடக்காது.

பகுதிநேரம், தற்காலிகம், சம்பளம் வாங்காத தன்னார்வலர், யாராக இருந்தாலும், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டத்தில் அடக்கம். உன் கல்லூரியில் உள்ளகப் புகார் குழு இருந்தே ஆக வேண்டும். அதன் தலைவர் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் அதில் இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடு. தாமதமானால் காரணம் சொல்லி இன்னும் மூன்று மாதம் கேட்கலாம். உனக்குப் பதினெட்டு இன்னும் ஆகவில்லை என்றால் இது போக்சோ, நேரே போலீஸ். அப்போது கல்லூரி சமாதானம் பேச உட்காரக்கூடாது. தெரிந்தும் சொல்லாமல் மறைத்தால் அதுவே குற்றம். 181 பெண்களுக்கான எண், 1098 சிறாருக்கு.

2021-ல் இதே சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோவில் கைதானார். ஒரு பெண் வாய்திறந்த பிறகு வரிசையாக மற்றவர்களும் வந்து சொன்னார்கள். உன் சீனியர்களிடம் தனித்தனியாகப் பேசிப் பார். சேர்ந்து கையெழுத்துப் போட ஒருத்தி கிடைத்தாலும் நல்லது, கிடைக்காவிட்டாலும் கொடு. இன்று ராத்திரியே தேதி, இடம், நடந்தது, அருகில் இருந்தவர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவை. அம்மாவிடம் சொல்லிவிட்டாயா? சொல்லவில்லை என்றால் சொல்லிவிடு. எனக்கு இந்தப் பத்திரிகை முகவரிக்கு எழுது, உறையின் மேல் "தனிப்பட்டது" என்று போட்டால் வேறு யாரும் பிரிக்கமாட்டார்கள்.

கேள்வி: கபடிக்காக ஃப்ரீ சீட் என்று சொல்லிச் சேர்த்தார்கள். போன டிசம்பரில் முழங்கால் லிகமென்ட் போய்விட்டது. இப்போது மூன்றாம் வருட ஃபீஸ் முழுதாகக் கேட்கிறார்கள். வேறு கல்லூரிக்குப் போகலாம் என்றால் பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி. எல்லாம் அவர்களிடம் இருக்கிறது.
– கபடி வீரர், திருவொற்றியூர்

பதில்: இந்தக் கடிதத்தைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் தம்பி. ஊக்கமருந்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். காசுக்கும் காலுக்கும் நடக்கிற இந்த அநியாயத்துக்குச் சட்டம் கேட்டு ஒருத்தர்கூட எழுதவில்லை.

ஃப்ரீ சீட் என்று யார் சொன்னது? எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? இருக்காது. "சார் பாத்துக்குவார்" என்று சொல்லியிருப்பார்கள். அமெரிக்காவிலும் ரொம்ப காலம் இதே கதைதான். 1973-லிருந்து ஸ்காலர்ஷிப் ஒரு வருடத்துக்கு மட்டும், அடுத்த வருடம் கோச் நினைத்தால் கொடுப்பார். அடிபட்டால் அவ்வளவுதான். ஆட்டம் சரியில்லை என்பதற்காக ஸ்காலர்ஷிப்பை நிறுத்தக்கூடாது என்று அங்கே பெரிய ஐந்து லீக்குகள் முடிவெடுத்ததே 2015-ல்தான். இங்கே அப்படி ஒரு வரி எந்த விதியிலும் நான் பார்க்கவில்லை. சட்டம் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் இதிலிருந்து ஆரம்பிக்கலாம்: விளையாட்டுக்காகச் சேர்க்கும் மாணவருக்குச் சேரும் நாளிலேயே எழுத்தில் ஒப்பந்தம், மைதானத்தில் அடிபட்டால் படிப்பு முடியும்வரை ஃபீஸ் கேட்கக்கூடாது, சிகிச்சைச் செலவு கல்லூரியுடையது.

உனக்கு இன்றைக்கு ஆக வேண்டியதைச் சொல்கிறேன். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக்கூடாது. 2018 அக்டோபரில் யு.ஜி.சி. அறிவிப்பாகவே கொடுத்திருக்கிறது. சேர்க்கையின்போது சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், ஃபீஸ் பாக்கியைக் காட்டிப் பிடித்து வைக்கக்கூடாது. முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுது. கோபம் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். எந்தப் போட்டியில், எந்தத் தேதியில் அடிபட்டது, கல்லூரி ஜெர்சியில் ஆடினாய் என்பதை முதல் பத்தியில் போடு. ஸ்கேன் ரிப்போர்ட் நகல், அந்த மேட்ச் போட்டோ, முதல் இரண்டு வருடமும் ஃபீஸ் வாங்காததைக் காட்டும் காகிதம் எதுவானாலும் சேர். சான்றிதழ்களைப் பதினைந்து நாளில் தரும்படி கேள். நகல் ஒன்றை யு.ஜி.சி.க்கும், இன்னொன்றை உன் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் அனுப்பியதாகக் கீழே எழுதி, உண்மையிலேயே அனுப்பு. ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தால் "வெச்சிட்டுப் போ" என்பார்கள். வைக்காதே. திருவொற்றியூர் தபால் ஆபீசில் டெலிவரி ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் போட்டுவிட்டு, ரசீதைப் போனில் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.